மேலே இல்லாத நட்சத்திரம்

வானம் தெளிந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, சார். சின்ன வயதுக் கோளாறு. மூக்குக் கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊராருக்குப் பார்வை சரிபார்ப்பேன். மனசு மட்டும் எப்போது இருட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி சந்தேகப்பட்டாள், பாவம். ஒருநாள் கூடவே வந்தாள். கொசுக்கடியில் நான் விடிய விடிய வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்க இன்னொருத்தியப் பார்க்கப் போயிருந்தாகூடப் பரவாயில்ல" என்றாள்.

அதிலிருந்து என்னைத் தனியாக விடுவதில்லை. தன் தம்பியைத் துணைக்கு அனுப்புவாள். வீட்டில் அவனைப் பல்பு என்போம். எலெக்ட்ரீஷியன் என்பதால் வந்த பெயர். போகிற இடமெல்லாம் பல்பு வாங்கியதால் நிலைத்துவிட்டது. தங்கமான பையன். வேலை கிடைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போய்விடுவான், அது ஒன்றுதான் குறை.

மழைக்காலத்தின் நடுவில் அன்று ஓர் இரவு மட்டும் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. காரில் ஏரிக்குப் போனோம். பால்வீதி தண்ணீருக்கு மேலே அப்படியே எழுந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காமிராவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பல்பு சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்த மாதிரிப் படத்தில் ஓரமாக ஒரு மனிதன் நின்றால்தான் வானத்தின் பெருமை தெரியும். நெற்றியில் விளக்கைக் கட்டி, ஏரிக்குள் கொஞ்ச தூரம் போய் நிற்கச் சொன்னேன்.

"சேறா இருக்கு அத்தான்."

"மாப்பிள்ளை மாதிரி நில்லுடா, உலகமே பார்க்கப் போகுது."

போனான்.

காமிராவைத் தானாகப் படம் எடுக்கும்படி வைத்தேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், சார். ஒரே படம் போதாது. நிறைய எடுத்து, பிறகு கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரே இடத்தில் இருப்பது தங்கும். பூச்சி, விமானம், அசைகிற எதுவும் மாயமாகிவிடும். இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சிறிது நேரத்தில் பல்பு கூப்பிட ஆரம்பித்தான்.

"அத்தான், கால் வரமாட்டேங்குது."

"ஆடாம நில்லு, வந்துடும்."

"இடுப்பு வரைக்கும் போயிடுச்சு அத்தான். சத்தியமா விளையாடல."

காரில் கயிறு இருந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் கார்க் கதவைத் திறந்தால் விளக்கு எரியும். எரிந்தால் அத்தனை படமும் வெளுத்துப்போகும். மேற்கே மேகம் வேறு வந்துகொண்டிருந்தது. இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று தைரியம் சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவன் நெற்றி விளக்கு அங்கும் இங்கும் ஆடியது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நல்லவேளை, பிறகு அமைதியாகிவிட்டான்.

மேகம் மூடியதும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆள் தெரியவில்லை. நல்ல தரமான விளக்கு, சார், தண்ணீருக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. காமிரா நனைந்துவிடுமே என்று திரும்பிவிட்டேன்.

"தம்பி எங்கே?" என்றாள் மனைவி. வெளியூரில் வேலையாம், பாதியிலேயே போய்விட்டான் என்றேன். அன்றே உட்கார்ந்து படங்களை அடுக்கினேன். கையசைத்தது, துள்ளியது, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன், சார், இந்த வயதில். படத்துக்குப் பரிசு கிடைத்தது. பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம்.

ஒருநாள் அவள் தூசி துடைக்கும் துணியோடு அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"தண்ணியில தெரியறதெல்லாம் மேல இருக்கிற நட்சத்திரம்தானே?"

"ஆமா."

"இதுக்கு மட்டும் மேல ஜோடியக் காணோமே?"

விரலை வைத்துக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனையோ பேர் பார்த்த படம், என் மனைவி கண்ணுக்கு மட்டும் பட்டதே. அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள் என்று தெரியும். கோபமில்லை.

அது மட்டும் எப்படித் தங்கியது என்றுதானே கேட்டீர்கள்? பாதிக்கு மேற்பட்ட படங்களில் அவன் அசையவே இல்லை, சார். உயிர் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரியும், இருந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். கணினி அவன் நெற்றி விளக்கை நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டது. அந்தப் புள்ளிக்கு நேர் கீழே தோண்டுங்கள், இருப்பான்.

ஒரு சொடுக்கில் அதை அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, ஓரத்தில் லேசாக நீலமும் ஏற்றினேன். தம்பியை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று அழுகிறாளாம். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள், சார்: அவனைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கக் கூடத்தில்தானே வைத்திருக்கிறேன்.