கூடுதலாக ஒன்று ஓடுகிறது

மத்தியானம் இரண்டரை மணி. விடுமுறை நாள். கிடங்குகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் சாலை... ஈ காக்கை இல்லை. என்ன சிரிப்பு? பேய் பகலில் வராது என்று உனக்கு யார் எழுதிக் கொடுத்தது? சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அப்புறம் பாத்ரூம் போக என்னைத் துணைக்குக் கூப்பிடக்கூடாது.

என் நண்பனின் மச்சினன் அந்தச் சாலையில்தான் வேலை பார்த்தான். ஒலிப்பதிவுகளை எழுத்தாக மாற்றித் தரும் அலுவலகம். அவன் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புரோகிராமைத் தனியாக ஓடவிடும். ஒன்று முடியட்டும் என்று காத்திருக்காது. அடுத்ததையும் அவிழ்த்துவிட்டு, எது ஓடுகிறது, எது முடிந்தது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அவன் மட்டும் தனியாக வந்திருந்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடியாவிட்டால் அவன் நாற்காலி சோடாபுட்டிக்குப் போய்விடும். சோடாபுட்டி பக்கத்து மேஜைக்காரன். மச்சினனுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. மச்சினன் யாரைத்தான் நம்பினான்? பெற்ற தாயே காசு கொடுத்தாலும் எண்ணிப் பார்க்கிற ஆள்!

எல்லாவற்றையும் ஓடவிட்டுத் திரையைப் பார்த்தால்... ஒன்று கூடுதல். அவன் தொடங்காத ஒன்று. நிறுத்தினான். மறுபடி ஓடியது. மறுபடி நிறுத்தினான். ம்ஹூம்.

"அந்த சோடாபுட்டி வேலைதான். வீட்ல உக்காந்துக்கிட்டே உள்ள நுழையறான் பாவி!"

நெட் கேபிளைப் பிடுங்கி எறிந்தான். அப்போதும் அது ஓடியது. கம்ப்யூட்டருக்குள் விசிறி உறுமியது... வயர் கருகுகிற வாடை. தொட்டுப் பார்த்தால் எல்லாம் சில்லென்று இருந்தது.

அப்படி என்னதான் எழுதுகிறது? திறந்தான். பேச்சோடு சத்தங்களையும் எழுதுகிற புரோகிராம் அது. ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருந்தது.

கேட் கிறீச்சிடுகிறது.

செருப்பைக் கழற்றும் சத்தம்.

குழந்தை: ஹை... அப்பா!

பெண்: என்னங்க, சாயங்காலம்தான் வருவேன்னீங்க?

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவன் அவன்தானே! அவன் மனைவி. அவன் மகள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்... எவனோ உள்ளே நுழைந்துவிட்டான். அப்போதும் புத்தி எங்கே போனது தெரியுமா? மேஜை போனை எடுத்து முதலில் சோடாபுட்டியைத்தான் கூப்பிட்டான்.

"டேய், எங்க வீட்ல என்னடா பண்றே?"

"அண்ணே, நான் முடி வெட்டிக்கிட்டு இருக்கேன். கத்திரி சத்தம் கேக்கலையா?"

கேட்டது. சரக்... சரக்...

வீட்டுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது... மனைவி எடுத்தாள்.

"பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய ஓடு! உள்ள இருக்கிறது நான் இல்லை!"

"யாருங்க பேசறது?"

"நான்தான்டி! என் குரல் தெரியலையா?"

"என்ன விளையாட்டு இது? அவரு பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருக்காரு. இருங்க... அவர்கிட்டயே குடுக்கறேன்."

போன் கை மாறுகிற சரசரப்பு. தூரத்தில் மகள் சிரித்தாள். அப்புறம் ஒரு குரல். அவனுடைய குரலேதான்... நிதானமாகச் சொன்னது.

"இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். நீ அங்கயே இருந்து முடிச்சுக்கோ."