நடுவுல இறங்கக் கூடாது

...செல்லாதுன்னா செல்லாதாம்! காசு குடுத்து வாங்குன டிக்கெட்டுங்க. நடுவுல ஒரு ஸ்டேஷன்ல காலை வெச்சா அதோட செத்துப்போச்சாம். ஏறும்போது டிக்கெட் செக்கர்கிட்ட மரியாதையாத்தான் கேட்டேன். “அம்மா, இது ஊரைக் குறுக்க கடக்குற டிக்கெட்டு. இந்தக் கோடியில ஏறினா அந்தக் கோடியிலதான் இறங்கணும்”ங்கறாரு. அப்ப நான் என்ன பார்சலா?

நீங்க இந்த லைனுக்குப் புதுசா? அதான் பாத்தேன். கொஞ்சம் நகந்துக்கோங்க, இந்தப் பெட்டி ஆடக் கூடாது. உள்ள பல்லு இருக்கு. ஐய, பயப்படாதீங்க! நான் பல்செட்டு செய்யறவ. வாரத்துக்கு ரெண்டு தடவை வடக்குக் கோடியிலேருந்து தெக்குக் கோடி கிளினிக்குக்குக் கொண்டு போறேன். இது ஒரு ரிட்டையர்டு வாத்தியாரோடது. பாவம், ரெண்டு வாரமா யாரையும் திட்ட முடியாம தவிக்கிறாரு.

எங்க விட்டேன்? ஆங், டிக்கெட்டு. மூணு மாசம் முன்னாடி இந்தச் சுரங்கமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வடக்கு வண்டி பெரிய ஸ்டேஷனோட நின்னுரும். அங்கேருந்து பஸ்ஸு, அப்புறம் தெக்கு ஸ்டேஷன்ல வேற வண்டி. ஆனா ஒரே டிக்கெட்டு! பஸ்ஸும் அதுலயே அடக்கம். ராத்திரி வரைக்கும் செல்லும். நடுவுல நீ சாப்பிடு, தூங்கு, கல்யாணமே பண்ணிக்கோ, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இப்ப வண்டி நேராப் போகுது, விலையும் ஏறிப்போச்சு. ஏன்னு கேட்டா வசதியாம்! உக்காந்த இடத்துலயே உக்காந்திருக்கேன், அதுக்குக் கூடுதல் காசு.

எதுக்கு நடுவுல இறங்கணுமா? எங்கக்காவுக்காகங்க. பெரிய ஸ்டேஷன்ல பயணிங்க சாமானை வாங்கி வைக்கிற ரூம்ல வேலை. ஞாயித்துக்கிழமை அவளுக்கு டூட்டி, எனக்கு அன்னிக்குத்தான் லீவு. அதனால செவ்வாயும் வெள்ளியும் நான் வண்டி மாறும்போதுதான் பாத்துக்குவோம். பெட்டிங்களுக்கு நடுவுல ரெண்டு ஸ்டூலு, அவ டப்பால பாதி எனக்கு. முக்கா மணி நேரம், அவ்வளவுதான். இப்ப மூணு மாசமாச்சுங்க அவளைப் பாத்து! அவ தலைக்கு மேல பெட்டி அடுக்கிட்டிருப்பா, அவ காலுக்குக் கீழ நான் போயிட்டிருப்பேன். மனசு கேக்கலைங்க.

இந்த நேர் வண்டி வேணும்னு கேட்டது யாருங்கறீங்க? ... நாந்தான். ஆமாங்க! ஏழெட்டு வருஷம் முன்னாடி பஸ் கூட்டத்துல எவரோ இடிச்சு ஒரு செட்டு உடைஞ்சுபோச்சு. வந்த கோவத்துல நோட்டைத் தூக்கிட்டு வண்டி வண்டியா ஏறி நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து வாங்குனேன். மொதக் கையெழுத்தே எங்கக்காதான். “போடறேன்டி, நீயாவது நேரத்துக்கு வீடு போய்ச் சேருவ”ன்னா. அப்ப ரெண்டு பேருமே யோசிக்கல. இல்ல... அவ யோசிச்சிருப்பா. யோசிச்சுட்டும் போட்டிருப்பா. அவ அப்படித்தான்.

இன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். செத்தா சாகட்டும் டிக்கெட்டு, மிச்ச தூரத்துக்கு வேற வாங்கிக்கறேன். அக்காகிட்ட போன்ல சொல்லிட்டேன், சாப்பாட்டு நேரத்துல பிளாட்பாரத்துக்கே வந்து நிக்கறேன்னா. அங்க போயி... என்ன கையைக் காட்டறீங்க? இருங்க, முடிச்சுடறேன். இதுல இன்னொரு கூத்து கேளுங்க, குழந்தைங்க டிக்கெட்டுக்குத் தனிச் சட்டமாம், அதுல வந்து... என்னங்க? வெளியவா?

ஐயய்யோ! பெரிய ஸ்டேஷன்! கதவு! மூடிருச்சே! அதோ, அதோ எங்கக்கா! அக்கா! இங்க! இங்க பாரு! ... பாத்துட்டா. சிரிக்கறா பாருங்க, தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா. இளைச்சுட்டாங்க. மூணு மாசத்துல எப்படி இளைச்சுட்டா!

நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ... சொன்னீங்களா? எப்ப?

சரி, அடுத்ததுல இறங்கித் திரும்பறேன். ஏங்க, இந்த டிக்கெட்டு பின்னாடி போறதுக்குச் செல்லுமா?