முள்ளுக்கம்பு

சங்கையா: புடுங்கு புள்ள, சீக்கிரம் புடுங்கு! விவசாய ஆபீசர் வர்ற நேரமாச்சு.

வீரலட்சுமி: எதைப் புடுங்க?

சங்கையா: இந்தத் தட்டாம்பயத்தங்கொடியைத்தான். அங்கன வெள்ளரி, இங்கன மொச்சை, வரப்பெல்லாம் ஆமணக்கு... இது சர்க்காரு மாதிரிக் காடா, சந்தைக்கடையா? "சங்கையா, நாங்க குடுத்த கம்பைத் தவிர ஒரு புல்லு நிக்கக் கூடாது"ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?

வீரலட்சுமி: கம்பஞ்சோத்துக்கு ஆபீசரா வந்து கொழம்பு வைப்பாரு? மழை ஏமாத்திக் கம்பு கருகினா பயறாச்சும் நிக்கும். பயறும் போனா ஆமணக்கு நிக்கும். எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டுட்டு வானத்தைப் பாக்கவா?

சங்கையா: இம்புட்டையும் எப்பப் போட்டே? நான் பாக்கவே இல்லையே!

வீரலட்சுமி: முன்னால நீங்க கம்பு வெதைச்சுக்கிட்டே போனீக. பின்னாலயே நான் உழவு சால்ல போட்டுக்கிட்டு வந்தேன். திரும்பிப் பாத்தா கழுத்தா சுளுக்கிக்கிடும்?

சங்கையா: இப்பக் கேட்டா என்னத்தச் சொல்ல?

வீரலட்சுமி: குருவி எச்சம் போட்டு மொளைச்சதுன்னு சொல்லுங்க.

சங்கையா: எட்டுச் சாலுக்கு ஒரு சாலு, நூல் புடிச்சாப்லயா எச்சம் போடும்?

வீரலட்சுமி: சர்க்காரு காட்டுக் குருவியில்ல... ஒழுங்காத்தான் போடும்.

சங்கையா: சிரி, சிரி. இரும்புக் கலப்பை போச்சுன்னா அப்பத் தெரியும். ஆபீஸ் கம்பு நல்லா நின்னாத்தான் கலப்பைன்னு சொல்லியிருக்காக. நாரணாபுரத்துல எவன்கிட்ட இருக்கு இரும்புக் கலப்பை?

வீரலட்சுமி: வரும், வரும். ஆனா... ஆபீசரைக் காட்டுக்குள்ள கூட்டிட்டு வராதீக. வரப்போட நிக்கட்டும்.

சங்கையா: அட, அதையேதான் நானும் நெனச்சேன்! தூரத்துல நின்னு பாத்தாத்தான் பயிரு பச்சுன்னு இருக்கும்.

வீரலட்சுமி: பொதிக்குள்ள இருக்குற கதிரையெல்லாம் தொட்டுப் பாக்கப்படாது.

சங்கையா: தொடவே படாது... ஆமா, நீ எதுக்குச் சொல்றே?

வீரலட்சுமி: கண்ணு பட்டுரும்ல. நீங்க எதுக்குச் சொல்றீக?

சங்கையா: நானும் அதுக்குத்தான்.

வீரலட்சுமி: ம்...

சங்கையா: என்ன 'ம்'?

வீரலட்சுமி: எங்காத்தா குடுத்த முள்ளுக்கம்பு, பூச்சி விழாமச் சாம்பல்ல பெரட்டி வச்சது, கலயத்துலயே கெடக்கேன்னு நெனச்சேன். எங்கண்ணன் புதுப்பட்டிக் காட்டை வேட்டுக் கம்பெனிக்கு வித்துட்டான். அந்த விதை இனி நம்ம வீட்டை விட்டா வேறெங்கயும் கெடையாது.

சங்கையா: கெடந்துட்டுப் போகுது. கதிரு முச்சூடும் முள்ளு. களத்துல போட்டா ஒடம்பெல்லாம் அரிப்பு.

வீரலட்சுமி: அந்த முள்ளுக்குத்தான் குருவி கிட்ட அண்டாது.

சங்கையா: ருசியாச்சும் உண்டுமா? தீவாளி கழிச்சு, சந்தைக் கம்புன்னு ஒரு கூழு காச்சுனியே, அதுல்ல கூழு! ஒங்காத்தா கம்பு அதுகிட்டப் பிச்சை வாங்கணும்.

வீரலட்சுமி: ...அந்தப் பேச்சை விடுங்க.

சங்கையா: ஏ புள்ள... அங்கன பாரு. கதிரு வெளிய வந்துருச்சு.

வீரலட்சுமி: ஆத்தி! இன்னைக்கேவா?

சங்கையா: நேத்து வரைக்கும் பொதிக்குள்ளதான இருந்துச்சு... போச்சு, எல்லாம் போச்சு... ம்? இதென்னது?

வீரலட்சுமி: என்னங்க?

சங்கையா: முள்ளைக் காணோம்!

வீரலட்சுமி: அய்யய்யோ, ஆமா... முள்ளைக் காணோமே!

சங்கையா: வழுவழுன்னு இருக்கு புள்ள!

வீரலட்சுமி: ஏங்க... ஆபீஸ் கம்புக்கு முள்ளு கெடையாதுல்ல?

சங்கையா: கெடையாது.

வீரலட்சுமி: அப்ப நீங்க எதுக்கு முள்ளைத் தேடுறீக?

சங்கையா: ...நீ எதுக்குத் தேடுனே?

வீரலட்சுமி: நாந்தான் மொதல்ல கேட்டேன்.

சங்கையா: சொல்லித் தொலைக்கிறேன், சிரிக்கப்படாது. வெதைக்கிற அன்னைக்கு, கோழி கூப்பிட எந்திரிச்சு, இருட்டோட இருட்டா, கலயத்துல இருந்த ஒங்காத்தா கம்பை வெதைப்பெட்டியில கொட்டிக்கிட்டேன். ஆபீஸ் பையில இருந்ததைக் கலயத்துல போட்டு, மேலாப்ல சாம்பலைத் தூவிட்டேன்.

வீரலட்சுமி: அடப்பாவி மனுசா! இருவது வருசமா எங்காத்தா கம்பை வைஞ்சீகளே!

சங்கையா: வையிறது வாய்க்கு ருசி. அதுக்காக விதை அத்துப்போக விட்டுருவனா? ஒங்கிட்டச் சொன்னா நீ தலைமேல ஏறி உக்காந்துக்கிருவேன்னுதான் சொல்லல.

வீரலட்சுமி: அதான் அன்னைக்கு வெதைப்பெட்டியில விதையெல்லாம் சாம்பலா இருக்கேன்னு கேட்டதுக்கு, எறும்புக்குப் போட்டேன்னு சொன்னீகளா?

சங்கையா: ஆமா. ஆனா முள்ளு எங்க போச்சு?

வீரலட்சுமி: அது... அதுக்கு மொதநாளே நான் மாத்திட்டேன்.

சங்கையா: என்னத்த?

வீரலட்சுமி: எங்காத்தா கம்பைச் சாம்பல் போகப் பொடைச்சு ஆபீஸ் பையில போட்டேன். ஆபீஸ் கம்பைச் சாம்பல்ல பெரட்டிக் கலயத்துல போட்டேன். நீங்க பையைத் தூக்கிட்டுப் போயி எங்காத்தா கம்பை வெதைப்பீகன்னு...

சங்கையா: நான் கலயத்தைக் கவுத்தி, ஆபீஸ் கம்பையே வெதைச்சிட்டேனா!

வீரலட்சுமி: ஆளுக்கொரு பக்கமா சர்க்காரை ஏமாத்தக் கெளம்பி, சர்க்காரு சொன்னதையே செஞ்சு வச்சிருக்கோம்.

சங்கையா: அட, அப்பக் கலப்பை நமக்குத்தான்! ஜீப்புச் சத்தம் கேக்குது பாரு. வரட்டும், நட்டநடுக் காட்டுக்கே வரட்டும். ஒவ்வொரு கதிரா தொட்டுத் தடவிப் பாக்கட்டும்! பயத்தங்கொடிக்குக் குருவிக் கதையே சொல்லிக்கிருவோம்... ஏன் புள்ள மூஞ்சி இப்பிடிப் போச்சு?

வீரலட்சுமி: குருவி எறங்குது, பாருங்க.

சங்கையா: எறங்கட்டும். அடுத்த பட்டத்துக்குப் புதுக் கலப்பையில உழுது, ஒங்காத்தா கம்பை ஊரறியப் போடுவோம். பையில இருந்ததைத்தான் நான் கலயத்துல கொட்டி வச்சேனே, பத்திரமா இருக்கும்ல?

வீரலட்சுமி: நான் எந்தச் சந்தைக்குங்க போனேன்? கலயத்துல கெடக்குறது ஆபீஸ் கம்புதானன்னு, தட்டிக் கவுத்தி, ஒரு மணி விடாம இடிச்சுக் கூழு காச்சிட்டேன். "ஒங்காத்தா கம்பு இதுகிட்டப் பிச்சை வாங்கணும்"னு மூணு செம்பு வாங்கிக் குடிச்சீகளே... அது எங்காத்தா கம்புதான்.