பதினொன்றாம் பக்கத்துத் தாழ்ப்பாள்

நாலுக்கு மூன்று என்றால் பெற்றோர் பலரும் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். பரீட்சையில் அப்படி வாங்கினால் எழுபத்தைந்து சதவீதம், வீட்டில் பெருமையாகக் காட்டலாம். பள்ளி ஆய்வில் கதை வேறு. அங்கே ஒன்றுதான் உசத்தி. நான்கு வந்துவிட்டால் பள்ளியை மூடுவது பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எங்களுக்கு மூன்று வந்த அன்று ஓர் அப்பா, தச்சு வேலை செய்பவர், வாசலில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை ஓரமாக அழைத்துப் போய் மெதுவாக விளக்கினேன். மனிதர் மீதி மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதுதான் என் வேலை. அலுவலகத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் என் மேசை. ஆய்வு அறிக்கை இருபத்திரண்டு பக்கம் வரும். பெற்றோரில் பாதிப் பேருக்கு அறிக்கையின் மொழி புரியாது, மீதிப் பேருக்குப் படிக்க நேரம் இருக்காது. சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகச் சொல்வேன். எனக்கு 'விளக்கக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

நேற்றிலிருந்து நீங்கள் என்னைப் பொய்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஏழு வருஷத்தில் ஒரு பெற்றோரிடமும் நான் பொய் சொன்னதில்லை.

அறிக்கையின் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'இரண்டாம் மாடியிலுள்ள சிறிய அறையின் வெளிப்புறத் தாழ்ப்பாள் அகற்றப்பட வேண்டும்.' படித்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆய்வாளர்கள் அந்த மாடிக்குப் போகவே இல்லை. கூடவே சுற்றியவள் நான். அப்படியானால் உள்ளிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்றுமுதல் கவனிக்க ஆரம்பித்தேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் யார் பேச்சை நிறுத்துகிறார்கள், யார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள் என்று. எல்லாருமே கொஞ்சம் பயந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் வழக்கம்போல என் கண்ணைப் பார்த்துப் பேசினார். அது போதும் எனக்கு. சொல்ல வேண்டியதை ஏற்கெனவே சொல்லி முடித்தவர்கள்தான் அப்படி நிம்மதியாக இருப்பார்கள்.

அந்த அறையைப் பற்றி நீங்கள் பெரிதாக நினைக்க வேண்டாம். உடைந்த நாற்காலிகள், சுருட்டி வைத்த பழைய பாய்கள், மேலே கையகலத்துக்கு ஒரு காற்றுத் துளை. வகுப்பில் ஓயாமல் பேசுகிற பிள்ளைகளைப் பத்து நிமிஷம் அங்கே உட்காரவைக்கும்படி தலைமை ஆசிரியை சொல்வார். அடி கிடையாது, திட்டு கிடையாது. கூட்டிப்போய்த் தாழ் போடுவது நான். போன் வந்தால் சில சமயம் மறந்துபோகும். அப்போதெல்லாம் போய்த் திறந்தவர் ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

விளக்கக் கூட்டத்தில் தச்சர்தான் முதலில் கேட்டார்.

"அக்கா, இதென்ன தாழ்ப்பாள் விஷயம்?"

"மேல ஒரு சின்ன ரூம்ங்க. பழைய நாற்காலி போட்டு வச்சிருக்கோம். தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லியிருக்காங்க. எடுத்துடுவோம்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள்.

அப்போது அம்மாவின் மடியிலிருந்த ஆறு வயதுப் பெண் நிமிர்ந்தாள். கேள்விக்குட்டி என்று கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"இல்லம்மா. பேசினா எங்களை அங்கதான் போடுவாங்க. இருட்டா இருக்கும். டீச்சர் வந்து திறப்பாங்க."

அறுபது ஜோடிக் கண்கள் என் மேல். நான் குனிந்து அவளிடம் கேட்டேன்.

"பாப்பா, இதையெல்லாம் யார்கிட்ட பேசினே?"

"எங்க டீச்சர்கிட்ட."

"ஓகோ, டீச்சரும் நீயும் பேசிக்கிட்டீங்களா."

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு பெற்றோர் பக்கம் திரும்பி, ஆய்வாளர்களிடம் ஆசிரியர்கள் தனியாக எழுதிக் கொடுக்க விதியில் இடமுண்டு, யார் எதற்காகக் கொடுத்தார்கள் என்று நாம் கேட்க முடியாது என்று விளக்கினேன். அதுவும் உண்மை.

"அப்ப சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுத்துப் பேச வைக்கிறாங்களா?" என்றார் தச்சர்.

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

ஒரு வாரத்தில் மனு தயாராகிவிட்டது. பிள்ளைகளைத் தூண்டிவிட்டுப் பள்ளியின் தரத்தைக் கெடுக்கும் ஆசிரியை வேண்டாம் என்று. முதல் கையெழுத்து கேள்விக்குட்டியின் அம்மா போட்டது. தன் மகளால் பள்ளிக்குத் தலைகுனிவு வந்துவிட்டதே என்று அந்த அம்மாவுக்கு ஒரே கூச்சம். பேனா கொடுத்தது மட்டும்தான் நான்.

வேலையை விட்டுப் போகிற அன்று டீச்சர் என் மேசைக்கு வந்தார். "என்னைப் பத்தி என்ன வேணா சொல்லிக்குங்க. அந்தத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டோம். தச்சரே வந்து கழற்றி, துளைகளை அடைத்து, வர்ணம் பூசினார். அதற்குப் பதிலாகச் சாவிப் பூட்டு ஒன்றையும் பொருத்திக் கொடுத்தார். அறிக்கை தாழ்ப்பாளைப் பற்றித்தான் சொன்னது. பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து மறு ஆய்வு. முன்கூட்டித் தகவல் கிடையாது. ஒன்பதேகாலுக்கு ஓர் ஆய்வாளர் மட்டும் வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். இருபத்தெட்டுப் பிள்ளைகள். இருபத்தேழு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அவர் தலைமை ஆசிரியை அறையில் இருந்தபோது கேள்விக்குட்டியைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். கதவருகே வந்ததும், "நான் இன்னிக்கு ஒண்ணுமே பேசலையே" என்றாள்.

"நீ பேசினதாலதான் உங்க டீச்சர் போனாங்க. இன்னிக்கும் சத்தம் போட்டேன்னா சாயந்தரம் அம்மாவும் வரமாட்டாங்க."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம்."

வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். கோடு என்றால் வகுப்பில் இல்லை என்று அர்த்தம். அவள் வகுப்பில் இல்லை.

அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். சேர்க்கைப் படிவம் என் அலமாரியில்தான் இருக்கிறது. 'லேசான இழுப்பு' என்று எழுதியிருக்கும். லேசான என்று எழுதியது அவள் அம்மா, நான் இல்லை. மருந்து அவள் புத்தகப் பையில் இருந்தது, பை வகுப்பில் இருந்தது.

ஆய்வாளர் ஒன்றாம் வகுப்பில் முக்கால் மணி நேரம் இருந்தார். பிறகு பதினொன்றாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே மாடி ஏறினார். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ளே என்ன இருக்கு?"

"பழைய நாற்காலிங்க சார். சாவி ஆயாகிட்ட இருக்கும். வரச் சொல்லவா?"

இருக்கும் என்றுதான் சொன்னேன், இருக்கிறது என்று சொல்லவில்லை. சாவி என் கைப்பையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏதோ எழுத ஆரம்பித்தார்.

ஒரு மணிக்கு முடிவைச் சொன்னார். இரண்டாம் தரம். பாதுகாப்புக்கு மட்டும் தனியாக முதல் தரம். தலைமை ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செய்தி எப்படியோ வெளியே போய், பள்ளி விடுவதற்கு முன்பே வாசலில் பெற்றோர் கூடிவிட்டார்கள். நான் சாப்பிடக்கூட இல்லை. இரண்டு என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன, மூன்றிலிருந்து எப்படி ஏறினோம் என்று நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கேள்விக்குட்டியின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, எம் பொண்ணைக் காணோமே. பை மட்டும் கிளாஸ்ல இருக்கு."

"கொஞ்சம் இருங்கம்மா. பாதுகாப்புப் பகுதியை முடிச்சிடறேன்."

அவரும் இருந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு ஆயாவிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினேன். ஆயா மேலே போய்க் கத்தியது வாசல்வரை கேட்டது. மூச்சு நின்று எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்பதை டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

ஏதாவது சத்தம் கேட்டதா என்று இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டது. ஆய்வாளர் கதவுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே இருமல் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். அவர் தலையைத் தூக்கினார். உடனே நான் இருமினேன். இரண்டு முறை, கொஞ்சம் பலமாக. "தூசி சார்" என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர். நாங்கள் படி இறங்கும்போது மறுபடி கேட்டது, இம்முறை மெல்லிதாக. நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இறங்கினேன்.

அவர் போனதும் ஓடிப் போய்த் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருக்கலாம். ஆனால் வாசலில் எண்பது பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் எப்படிப்பட்ட பள்ளியில் படிக்கிறார்கள் என்பதை யாராவது அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டாமா?