மூன்றுக்கு மூன்று

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு செயின் தளர்ந்து தொங்குகிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். இன்றைக்கே யாரையாவது விட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஓடும்போது கழன்று பின்சக்கரத்தில் மாட்டினால் ஆள் தேற மாட்டான். முப்பது வருஷமாக வண்டி பார்க்கிறவன் நான். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

பெயர் குப்புராஜ். வயது ஐம்பத்திரண்டு. ஊர் செம்பாக்கம். ஏரிக்கரை ஓரம் இருந்த எங்கள் நிலம் மனைகளாகிப் போன பிறகு ஸ்பேனரைப் பிடித்தவன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஸ்ரீநிவாசராகவன் சாரின் ஒர்க்‌ஷாப்பில் ஹெட் மெக்கானிக். நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் இங்கே உட்கார்ந்திருப்பதற்கும் அந்தக் கையெழுத்துதான் காரணம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், 1994-இல், முதலாளிக்கு மெஷின் ஆசை வந்தது. வண்டியின் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் மெஷின். ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்குப் பெட்டி, இரண்டு கிளிப். ஒன்றைப் பிளக் ஒயரிலும் மற்றதைக் காயிலிலும் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் பெட்டியில் ஒரு எண் எரியும். கூடவே ஒரு புத்தகம். மூன்று எரிந்தால் பிளக், ஏழு எரிந்தால் கண்டன்ஸர் என்று அதில் போட்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு. கோயம்புத்தூரில் செய்தது ஒன்று, தைவானிலிருந்து வந்தது ஒன்று. இரண்டில் எதை வாங்குவது என்று முதலாளிக்கு யோசனை.

மெஷின் வேண்டும் என்று அவர் காதில் போட்டது சிட்டிபாபு. அவனும் நானும் ஒரே வருஷம் அங்கே சேர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் அண்ணா என்பான். பதினெட்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவன்மேல் எனக்குப் பகை கிடையாது. இதை நீங்கள் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

முதலாளி, சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆபீஸர். எதையும் பரீட்சை வைத்துத்தான் வாங்குவார். என்னைக் கூப்பிட்டார்.

"குப்புராஜ், உன்னைவிட நம்பிக்கையான ஆள் யாரு இருக்கா? என் மோட்டார் சைக்கிள்ல நீயே மூணு கோளாறு வை. என்னென்னன்னு ஒரு சீட்டுல எழுதி கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்துடு. மெஷின் என்ன சொல்றதுன்னு பார்த்துட்டு அப்புறமாப் பிரிப்போம்."

நல்ல யோசனைதான். வியாழக்கிழமை கோயம்புத்தூர் பெட்டிக்குப் பரீட்சை. மூன்று கோளாறு வைத்தேன். அது இரண்டுதான் கண்டுபிடித்தது. அந்தச் சீட்டை நீங்கள் தேடிப் பார்க்கலாம். அதன் மறுபக்கம் வெறுமையாகத்தான் இருக்கும்.

அன்று மாலை, கடையைச் சாத்தும்போது, முதலாளி இன்னொன்றும் சொன்னார்.

"நாளைக்கு இந்தத் தைவான் மெஷின் பாஸ் ஆயிடுத்துன்னா சிட்டிபாபுதான் இனிமே ஹெட். அவனுக்குத்தான் புக்கைப் படிச்சா புரியறது. நீ வாட்டர் சர்வீஸ் பக்கம் பார்த்துக்கோ. உனக்கும் வயசாறதோல்லியோ."

சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது? ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அதற்கு என்ன நோவு என்று சொல்கிறவனைத் தண்ணீர் பைப்பைப் பிடிக்கச் சொல்கிறார். அன்று இரவு என் மனைவி அஞ்சம்மாள் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்தேன். அவமானமாக இருந்தது. இதையெல்லாம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. நான்தான் கொண்டுவந்தேன். கோளாறைக் கண்டுபிடித்தவன்தான் வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஏறுவதற்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கி இரண்டு கையாலும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அரை நிமிஷ வேலை. பதினெட்டு வருஷத்தில் சிட்டிபாபு ஒரு நாளும் அதை விட்டவனில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியோடு தனியாக இருந்தேன். பிளக் இடைவெளியை அகட்டினேன். நல்ல கண்டன்ஸரை எடுத்துவிட்டுச் செத்ததை மாட்டினேன். டைமிங்கை நகர்த்தினேன். மூன்றும் அந்த மெஷினின் புத்தகத்தில் உள்ளவை. வேண்டுமென்றே அதற்குத் தெரியாததாக வைத்து அதைத் தோற்கடிக்கவில்லை. அந்த நேர்மை என்னிடம் உண்டு.

பிறகு முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தேன். அச்சு நட்டு கழலாமல் பிடித்திருக்கும் கம்பிப் பின்னை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நட்டைத் தளர்த்தினேன். விரலால் திருகினால் சுற்றும் அளவுக்கு.

சீட்டில் மூன்றையும் வரிசையாக எழுதினேன். நான்காவதை மறுபக்கத்தில் எழுதினேன். 'முன் அச்சு நட்டு' என்று தெளிவாக, கொட்டை எழுத்தில். மறுபக்கம் பார்க்க என்று முன்பக்கத்தில் போடவில்லை. போடும்படி யாரும் சொல்லவில்லையே.

பத்து மணிக்குப் பரீட்சை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். சிட்டிபாபு கிளிப்பை மாட்டினான். மூன்று எரிந்தது. பிளக்கைச் சரிசெய்தான். ஏழு எரிந்தது. கண்டன்ஸரை மாற்றினான். பிறகு ஒன்பது. டைமிங்கை வைத்ததும் பச்சை எரிந்தது. முதலாளி கவரைக் கிழித்துச் சீட்டை எடுத்து முன்பக்கத்தை உரக்கப் படித்தார். மூன்றும் சரி. அவர் கையில் அந்தச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் ஒருமுறை பாதி மடங்கி, மறுபக்கம் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கட்டைவிரல் 'நட்டு' என்ற சொல்லின்மேல் இருந்தது. திருப்புவார் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"இன்னாண்ணா, மூஞ்ச தூக்கி வச்சுகினு கீற?" என்றான் சிட்டிபாபு. "ஹெட்டாவது ஒண்ணாவது. நீ சொல்றததான் நான் கேக்கப்போறேன். இனிமே கைய வச்சு ஆட்டிப் பாக்குற பேஜார்லாம் வாணாம்ணா. அதான் பச்சை எரிஞ்சிடுச்சே."

வண்டியை எடுத்தான். முன்சக்கரத்தை ஆட்டிப் பார்க்கவில்லை. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஹேண்டில்பாரை விட்டு இறங்கவே இல்லை. பதினெட்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. உதைத்தான். முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. சத்தம் சுத்தமாக இருந்தது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வாசலில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீயும் வாயேன்ணா. பின்னாடி குந்து. பெருங்களத்தூர்ல ஒரு டீ அடிச்சுட்டு வந்துடலாம்."

"எனக்கு வேலை கீது. நீ போய்ட்டு வா."

அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்த வண்டி இரும்புலியூர் தாண்டி ஓடியிருக்கிறது. ஒரு பஸ் குறுக்கே நிற்க, அவன் பிரேக் பிடித்திருக்கிறான். முன்சக்கரம் தனியாகப் போய்விட்டது. பின்னால் லாரி. பத்தே முக்காலுக்கு எங்கள் எதிரே இருக்கும் துளசிங்கம் டீக்கடை போனுக்குச் செய்தி வந்தது.

வண்டியை ஏற்றி வந்தது நான்தான். முன்பக்கம் அப்பளமாகிக் கிடந்ததில் எது முதலில் கழன்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வேகமாகப் போனான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவன் மனைவி பேபி என் காலடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷமாக அவன் மகள் சாமுண்டீஸ்வரியை என் வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறேன். தினமும் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவளை ஏற்றுவேன். மாமா, ஏன் மாமா தினம் இப்படிப் பண்ற என்று கேட்பாள். பழக்கம் என்பேன்.

ஹெட் மெக்கானிக்காக நானே தொடர்ந்தேன். வேறு ஆள் இல்லை. மெஷினை முதலாளி வாங்கிவிட்டார், ஆனால் புத்தகம் படிக்கத் தெரிந்தவன் போன பிறகு அது அலமாரியில் தூங்கியது. போன வாரம் அதை விற்றுவிடலாம் என்று, பில் போடும் நாகலக்ஷ்மி மேடம் தூசி தட்ட எடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மூடிக்குள் முதலாளி அந்தச் சீட்டை நினைவுக்காகச் செருகி வைத்திருந்தார். மேடம் அதை உருவினார்கள். நாலு வருஷத்தில் அதைத் திருப்பிப் பார்த்த முதல் ஆள் அவர்கள்தான். பரீட்சை நடந்த அன்றைக்கு அவர்கள் லீவு.

ஏன் தடுக்கவில்லை என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை, ஐயா. எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி சீட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவனே சக்கரத்தை ஆட்டிப் பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பான். இரண்டு சந்தர்ப்பம் கொடுத்தேன். அவன் கூப்பிட்டபோது ஏன் பின்னால் ஏறவில்லை என்றும் கேட்டீர்கள். கையில் கிரீஸ் இருந்தது. முதலாளி வண்டியின் சீட் உறை வெள்ளை.

அந்தப் பின்னை இந்தக் காகிதத்தோடு சேர்த்து வைக்கிறேன். துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சிட்டிபாபு செத்தது நான் வைத்த கோளாறால்தான். ஓட்டப் போகிறவன் யார் என்று தெரிந்துதான் வைத்தேன். கையெழுத்து போட்டுத் தருகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு திருத்தம். சீட்டின் முன்பக்கத்தில் முதலாளி சிவப்பு மையில் 'மூன்றுக்கு மூன்று' என்று எழுதி வைத்திருக்கிறார். அது தப்பு. நான் வைத்தது நாலு. மெஷின் கண்டுபிடித்தது மூன்று. அது தோற்றுவிட்டது, ஐயா. நாலு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் என் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.