நில்லுடா என்கிற சொல்

ஜீப்பில் முன்சீட்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. பெட்ரோல் வாடை குமட்டும். அதனால்தான் அன்றைக்குத் திருப்பதி முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால், ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நாடகம் ஒப்புக்கொண்டிருந்தோம்.

என் பெயர் சோணை. திருப்பதி நாடகத்தில் பபூன். நான் அவனுக்கு எதிரே நின்று பேசுகிறவன். பபூனை ஊருக்கே தெரியும். எதிரே நிற்கிறவனை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மாமனாராகவோ போலீஸ்காரராகவோ வந்து நான் அதட்டுவேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே பயந்து பயந்து பின்னால் நடப்பான். சனம் உருண்டு புரண்டு சிரிக்கும். பதினோரு வருஷம் அப்படித்தான் பிழைத்தோம்.

அந்த நடையில் அவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் சிரிப்பு செத்துப்போகும். மேடை விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் "நில்லுடா" என்று கத்துவேன். அவன் அப்படியே ஒற்றைக் காலில் நின்று தள்ளாடுவான். உத்தமபாளையம், கம்பம், பெரியகுளம் என்று எந்த ஊர் மேடையிலும் அவன் விளிம்பைப் பார்த்ததில்லை. என் குரலைத்தான் நம்பினான். ஒரு நாள்கூட நான் அந்தச் சொல்லைத் தவறவிட்டதில்லை.

அந்த ஆவணியில் மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனிக் கடிதம் வந்தது. அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் நான்தான் படித்துச் சொன்னேன். அவன் பெயர் மட்டும் இருந்தது. மடித்து அவன் கையில் கொடுத்தேன்.

"அண்ணே, நீங்களும் வாங்க. நான் அவுகட்டச் சொல்லிப் பாக்குறேன். ஏதாச்சும் ஒரு சோலி குடுக்காமயா போயிருவாக?" என்றான்.

கேலி இல்லை. மனசாரத்தான் சொன்னான். அவன் மனைவி ராஜாத்தி, "ஆமாண்ணே, நீங்க இல்லாட்டி இவுகளுக்குக் கை ஒடிஞ்சாப்புல" என்று சொல்லி எனக்குச் சோறு போட்டாள். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மெட்ராசில் அவன் எதிரே யாரோ ஒருவன் நிற்பான், அவனுக்கு விளிம்பு எங்கே என்று தெரியுமா என்றுதான் யோசனை. அவனைத் தனியாக அனுப்புவது பாவம் என்று பட்டது.

மலைப்பாதையில் ஒரு வளைவில் ஜீப்பு சூடேறி நின்றுவிட்டது. காலை பத்து மணி இருக்கும். டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு ஊற்றைத் தேடிப் போனார். மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கிய பெண்களில் பெரியம்மாள் என்பவள் திருப்பதியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"பபூன் அண்ணே, அந்தப் பின்னால நடக்குற நடைய ஒருக்கா நடந்து காட்டுங்க."

அவன் என்னைப் பார்த்தான். அந்த வளைவில் பள்ளத்துப் பக்கத்து ஓரச்சுவர் மழைக்கு இடிந்து கிடந்தது. முந்தின வாரம் நாடகம் பேசி முடிக்க மேலே போனபோது பார்த்திருந்தேன். ஜீப்பு அங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நின்ற பிறகு, பெண்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சொல்லி, மலையோரம் நின்றவனை அழைத்து வந்து நடுச்சாலையில் நிறுத்தியது நான்தான்.

"அண்ணே, பின்னால எடம் கெடக்குல்ல?"

"நெறையக் கெடக்குடா. நான் பாத்துக்கிறேன்."

அதட்டினேன். நடந்தான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது அடியில் சொல்லியிருக்க வேண்டும். எட்டாவதில் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பான். நான் புதிதாக ஒரு வசனம் போட்டேன். நல்ல வசனம் ஐயா, அவனுக்கே உதடு துடித்தது. ஒன்பதாவது அடி வைத்தான். பெண்கள் அதற்குப் பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

அவனை நான் தொடவில்லை.

மூட்டத்தில் கால் தவறி விழுந்தான் என்று இதே ஸ்டேஷனில்தான் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். நான்கு வருஷமாக ராஜாத்தி வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. எனக்குப் புரை ஏறினால் அவள்தான் தலையில் தட்டுகிறாள்.

நேற்று ஊரில் நாடகம். புதுப் பபூன் ஒருவன் எதிராளியைப் பார்த்து, "பாத்து மாப்ளே, திருப்பதி கணக்கா கால் தவறீரப் போகுது" என்றான். சனம் கைதட்டிச் சிரித்தது. என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. செத்தவனுக்கும் மானம் உண்டு. கூட நின்றவன் நான் பேசாவிட்டால் அவனுக்காக வேறு யார் பேசுவார்கள்? அந்தக் காகிதத்தைத் திருத்தத்தான் விடிந்ததும் வந்தேன்.

அவன் கால் தவறவில்லை, ஐயா. ஒவ்வொரு அடியும் சரியாகத்தான் வைத்தான்.