ஆயுத பூஜைக்கு மாற்றிய பல்பு

வண்டியின் பின்விளக்கு பல்பை மாற்ற மெக்கானிக் தேவையில்லை ஐயா. இரண்டு திருகுகளைக் கழற்றினால் சிவப்பு மூடி கையோடு வந்துவிடும். பல்பை லேசாக உள்ளே அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். புதியதை அமுக்கி வலப்பக்கம் திருப்ப வேண்டும். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று இருட்டில் எரிவதற்கு, மற்றது பிரேக் மிதிக்கும்போது எரிவதற்கு. எங்கள் வீட்டு ஆம்னி வேனில் இந்த வேலையை எப்போதும் நான்தான் செய்வேன். என் தம்பி ஊர்க்காவலனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

அவனைத்தான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். விளக்கு எரியாத வண்டியை ரோட்டில் நிறுத்தி, ஒரு பெண்ணின் உயிர் போகக் காரணமானான் என்று எழுதியிருக்கிறீர்கள். குற்றம் செய்யாதவன் தண்டனை அனுபவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் காலையில் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, நாரணாபுரத்திலிருந்து நேராக இங்கே வந்தேன்.

என் பெயர் சீனிவாசகம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தொண்ணூற்று மூன்றிலிருந்து, பதினான்கு வருடமாக ஃபோர்மேன். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டேன். வேலைக்கு வருகிற பெண்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என் பையில் மாத்திரை இருக்கும். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் புரட்டாசியில் எங்கள் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்து முனியசாமி என்பவர் இறந்தார். அந்த அறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் அழித்துவிட வேண்டும். ஈரம் பட்ட மருந்தை இரவெல்லாம் மூடி வைத்தால் தானாகவே சூடேறும். முந்தைய நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது, வேலை நின்றது. அரைச் சட்டி மருந்து மிச்சம். சீசன் நேரம், ஆர்டர் நெருக்கடி. "மூடி வைங்க, காலைல பாத்துக்கிடலாம்" என்றேன். காலையில் முனியசாமி மூடியைத் திறந்தார்.

நான் அப்படிச் சொன்னதைக் கேட்டவர்களில் மிச்சம் இருந்தது அவர் மனைவி செல்லத்தாய் மட்டும்.

முனியசாமி மடியில் பீடியும் தீப்பெட்டியும் வைத்திருந்தார் என்று விசாரணையில் சொன்னேன். செத்தவரை இனி யார் என்ன செய்துவிட முடியும்? இருக்கிறவர்களுக்கு வேலை வேண்டும் இல்லையா. செல்லத்தாயை நான் கைவிடவில்லை. கம்பெனியின் இன்னொரு யூனிட்டில் திரி வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்தேன். தம்பி வேலையாட்களை ஏற்றி இறக்கும் எங்கள் வண்டியிலேயே போய் வரச் சொன்னேன். அப்படியும் அவள் மனம் ஆறவில்லை.

"எம் புருசன் பீடியக் கையால தொட்டதில்ல அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் தாயி. போனவன் திரும்பி வரப்போறானா?"

"எம் மகளப் பள்ளிக்கூடத்துல பீடிக்காரன் மகளுங்கிறாக. நான் விருதுநகர் போயி ஆபீசர்ட்ட உள்ளதச் சொல்லிருவேன். நீங்க சாமி கும்பிடுறவுக, கோவிச்சுக்கிடாதீக."

விசாரணை அதிகாரி அவளை வரச் சொன்ன நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவினோம். வண்டியில் உள்ள குறையெல்லாம் தீர்த்த பிறகே பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊர்க்காவலன் பார்க்கப் புதுப் பல்பு இரண்டை அட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தேன். அவன் மாவிலை பறிக்கப் போன நேரத்தில், வேறொரு வண்டியில் கழற்றிய, உள்ளே கருகிப்போன இரண்டு பல்புகளை மாட்டி மூடியைத் திருகினேன். மூடி மேல் சந்தனம் வைத்தேன். புதுப் பல்புகள் பூஜை அலமாரியில் இருக்கின்றன, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

செல்லத்தாய்க்கு வண்டியில் வாந்தி வரும். பின் சீட்டில் ஜன்னலோரம் அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தேன். "அங்கன நல்லாக் காத்து வரும் தாயி" என்றேன். விளக்கை எடுத்தது மட்டுமே என் செயல். மற்றதைத் தெய்வத்திடம் விட்டேன். அவள் இருக்க வேண்டும் என்று தெய்வம் நினைத்தால் எந்த லாரி என்ன செய்யும்?

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. வண்டியில் வருகிற பாண்டிச்செல்வி ஒரு மாலை இறங்கும்போது கவனித்திருக்கிறாள். தம்பி வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பின்னால லைட்டு எரியலங்கிறா அண்ணே. எங்கண்ணன் மாத்துனது, எரியாம எங்க போகும்னேன். ஒங்கண்ணன் பல்புக்கும் விபூதி பூசியிருப்பாரு, அதான் கண்ண மூடித் தியானத்துல இருக்குங்கிறா."

நானும் சிரித்தேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு அது போதும்.

பதினோராம் நாள் மாலை மழை. மறுநாள் அவள் விருதுநகர் போக வேண்டும். தெய்வம் முடிவு சொல்லத் தாமதித்ததாக எனக்குப் பட்டது. தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஏலே, எங்கன வந்துக்கிட்டு இருக்க?"

"ஓடைப் பாலம் தாண்டிட்டேண்ணே."

"அந்த வளைவுலயே நிறுத்து. பொம்பளையாளுகளுக்குச் சேவு வாங்கி வச்சிருக்கேன், குடுத்து விடுதேன். தீவாளி நேரம், வெறுங்கையோட வீட்டுக்குப் போக வேணாம்."

"இங்கனயா? லோடு லாரியா வருதுண்ணே."

"அஞ்சு நிமிசந்தாம்லே. லைட்டப் போட்டுக்கிட்டு நில்லு."

அவன் போட்டிருப்பான். முன்விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இருந்திருப்பான். நான்காவது நிமிடம் லாரி வந்தது. பாண்டிச்செல்விக்குக் கால் முறிந்தது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். பின் சீட்டில் அந்த ஜன்னலோரம் மட்டும் முழுதாக நசுங்கியது.

லாரி டிரைவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பெயருக்கும் இன்று அர்ச்சனை செய்தேன். தம்பியை விட்டுவிடுங்கள். செல்லத்தாயைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்தச் சொல்லுங்கள் ஐயா. சேவு தருவதாகப் பொய் சொல்லி வண்டியை நிறுத்த வைத்தேன் என்று உங்கள் ஏட்டு எழுதுகிறார். அது தவறு. சேவு உண்மையிலேயே வாங்கியிருந்தேன், ஏழு பொட்டலம், செல்லத்தாய்க்கும் சேர்த்து. நான் பொய் சொல்லிப் பழகியவன் இல்லை.